வடஜொகூரின் செம்மண் தடங்கள்

கரடுமுரடான தரைக்கான மோட்டார் வண்டியான ஏடிவியில் கடினமான பாதை தேடுகிறவர்கள் வடஜொகூரின் சிகாமட்டுக்கு வந்தால் முதலில் விசாரிப்பது பெக்கோக் ஊரைத்தான். அங்கிருந்து எண்டாவ்-ரொம்பின் காடு எவ்வளவு தூரம், எதுவரை வண்டி போகும் என்று கேட்பார்கள். ஆழம் கூடினால் கடினமும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் வட்டாரத்தில் ஆட்களையும் மோட்டாரையும் லோரியையும் மடக்கிப் போட்டவை தோட்டத்துப் பின்பக்க மேடுகளும், மரம் வெட்டி முடித்துக் கைவிட்ட பாலாக் (மரம் ஏற்றும்) லோரித் தடங்களும், மறுநடவுக்காக மொட்டையடித்த செம்பனைக் குன்றுகளும்தான். இங்கே ஒரு பாதையைக் கடினமாக்குவது மண், சரிவு, மழை இந்த மூன்றும். காட்டின் வயதுக்கு அதில் பங்கில்லை. இதை ஒப்புக்கொண்டால் தேட வேண்டிய இடமும் மாறும், தேடும் விதமும் மாறும். ஆதிக்காட்டை நடந்து போகிறவர்களுக்கு விட்டுவிட்டு வண்டிகள் வெளியே நின்றால் வண்டிக்காரர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் மண். மலேசிய மண் ஆய்வாளர்கள் மண் வகைகளுக்கு ஊர்ப் பெயர்களை வைப்பது வழக்கம். அந்தப் பட்டியலில் சிகாமட் என்றே ஒரு வகை உண்டு. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிப் பாறையாகி, அந்தப் பாறை மக்கி உண்டான ஆழமான செங்களிமண். (தரைக்கடியில் என்ன இருக்கிறது என்று ஊரார் அக்கறையாகப் பேசத் தொடங்கியதே 2025 ஆகஸ்ட் 24 அன்று 4.1 அளவில் நிலம் அதிர்ந்த பிறகுதான். அதற்கு முன் மண் என்றால் எங்களுக்கு வெள்ளைச் சட்டையில் போகாத கறை, அவ்வளவே.) பயிர் செய்கிறவனுக்கு இது நல்ல மண். கலைக்காமல் விட்டால் பொலபொலவென்று இருக்கும், மழைநீரைச் சட்டென்று உள்ளே இறக்கிக்கொள்ளும், செம்பனையும் டுரியானும் செழித்து நிற்கும். ஆனால் சக்கரங்கள் திரும்பத் திரும்ப மிதித்த தடத்தில் இந்தக் குணம் தலைகீழாகிவிடும். மேல் அடுக்கு இறுகிப்போன பின் பெய்கிற மழைக்கு உள்ளே இறங்க வழியில்லை. விரல் கனத்துக்கு மேல்தோல் மட்டும் குழைய, அடியில் தரை கெட்டியாகவே இருக்கும். ஆழச் சேற்றில் சக்கரம் புதைந்தாலும் எங்காவது ஓரிடத்தில் பிடித்துவிடும். இந்த மேல்தோல் சேற்றில் அது புதைவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. டயரின் கட்டைகளுக்கு நடுவே களி அடைத்துக்கொண்டதும் புது டயரும் மொட்டை டயரும் ஒன்றாகிவிடும். பிறகு முடுக்க முடுக்க வண்டி முன்னால் போகாமல் பக்கவாட்டில்தான் நகரும்.

ஏடிவி பிறந்ததே இப்படிப்பட்ட தரைக்காகத்தான். 1970இல் ஹோண்டா விற்பனைக்கு விட்ட மூன்று சக்கர வண்டியின் சூட்சுமம் எஞ்சினில் இல்லை, பலூன் போன்ற டயரில் இருந்தது. காரின் டயருக்கு 30 பவுண்டுக்கு மேல் காற்றடிக்கிற இடத்தில் இதற்கு ஒற்றை இலக்கத்தில் போதும். தரையை அழுத்தாமல் அதன்மீது பரவி நிற்கும் டயர் அது. 1982இல் சுசுகி நாலாவது சக்கரத்தைச் சேர்த்தது. கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்களைக் காயப்படுத்திய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை 1988இல் அமெரிக்காவில் அரசோடு செய்த ஒப்பந்தத்தால் நின்றுபோனது. வண்டியின் கதையைப் பொறுத்தவரை இங்கே தேவைப்படுவது இவ்வளவுதான். மென்மையான டயர் சதுப்பிலும் மணலிலும் செய்யும் வித்தையை நனைந்த செங்களிமண் மேட்டில் அப்படியே செய்துவிடாது. அங்கே ஓட்டுகிறவர் உடல் எடையை எங்கே வைக்கிறார், எந்த இடத்தில் முடுக்கை விடுகிறார் என்பதே வண்டியின் பாதி வேலையைச் செய்கிறது. கடினம் என்ற சொல்லுக்கு இந்த விளையாட்டில் பொருள் இதுதான்.

அடுத்தது சரிவு. 25 பாகைக்கு மேற்பட்ட சரிவில் செம்பனை நடக்கூடாது என்பது மலேசியத் தோட்டத் தொழிலில் பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. அதற்குட்பட்ட குன்றுகளில் மலையைச் சுற்றிப் படிப்படியாக மண்ணை வெட்டி மரம் வைப்பார்கள். ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளி. பழக்குலை ஏற்றும் பாதை அந்தப் படிகளை ஒட்டியோ, சில இடங்களில் அவற்றைக் குறுக்கே அறுத்துக்கொண்டோ மேலே ஏறும். குறுக்கே ஏறும் பாதைகள் இருக்கின்றனவே, அவற்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் முன்சக்கரம் தூக்கும், படியின் சமதளத்தில் வண்டி குலுங்கி உட்காரும், மூச்சு வாங்குவதற்குள் அடுத்த விளிம்பு வந்து நிற்கும். பாதையின் நடுவில் மழைநீர் ஓடி ஓடி ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் அறுத்திருக்கும். அந்த வாய்க்காலின் இரு கரையிலும் சக்கரங்களை வைத்து ஏற வேண்டும். ஒரு சக்கரம் நழுவி உள்ளே இறங்கினால் வண்டியின் அடிவயிறு மண்ணில் உட்கார்ந்துகொள்ள, நான்கு சக்கரமும் வெறுமனே சுற்றும். ஓரமாக ஒதுங்கலாம் என்றால் அங்கே வெட்டிப் போட்ட ஓலைக் குவியல். காய்ந்த ஓலை தாங்கும் என்று நம்பி ஏறினால் மட்டையின் முள் டயரின் பக்கச்சுவரைப் பதம் பார்க்கும். தோட்டத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதில்லை. வெளியிலிருந்து வருகிறவருக்கோ வரிசை வரிசையாக நிற்கும் செம்பனை என்றாலே சலிப்பு, அதனால் அந்த வரிசைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்ப்பதில்லை.

எங்கள் நினைவில் இந்தப் பாதைகளின் முதல் ஓட்டுநர்கள் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிள்காரர்கள். பால்மரக் காலத்தில் இருட்டோடு பால் வெட்டப் போகிறவர்களும், பின்னால் செம்பனை வந்தபோது அரிவாள் கட்டிய நீளக் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனவர்களும், மண்கவசத்தைக் கழற்றிவிட்டு, பின்டயருக்குக் கட்டை டயர் மாட்டிய சின்ன ஹோண்டாவில் ஏறாத மேடில்லை. இரண்டு சக்கரம், நூறு சிசிகூட இல்லாத எஞ்சின், பின்னால் ஒரு ஆளோ உரமூட்டையோ. மேட்டைப் பார்த்ததும் முடுக்குகிறவன் பாதியில் நிற்பான், மேட்டுக்கு முன்னாலேயே வேகத்தை எடுத்துக்கொண்டு ஏறும்போது ஒரே சீராக விடுகிறவன் உச்சிக்குப் போவான் என்பதை யாரும் சொல்லித்தராமலேயே தெரிந்துவைத்திருந்தார்கள். எந்த மேடு மழை நின்ற எத்தனை நேரத்தில் காயும், எது காலை வெயில் படாத பக்கம் என்பதால் மத்தியானம் வரை காயாது என்பதெல்லாம் அவர்களுக்குப் பிழைப்போடு சேர்ந்த அறிவு. தோட்டத்துக்கு அப்பால், காட்டோரத்தில், சான் தாய் வோங் லோரிகளின் ராஜ்ஜியம். உலகப் போர்க்கால ராணுவ லோரிகளின் உதிரிகளை வைத்து உள்ளூர்ப் பட்டறைகள் கட்டிய, கூரையும் கதவும் சரியாக இல்லாத அந்த மரலோரிகள் அறுத்துவைத்த தடங்கள், இன்றைக்கு போர்வீல் (நான்கு சக்கர இயக்க) வண்டிக்காரர்கள் கொண்டாடும் பாதைகளில் பலவற்றுக்கு மூலம். விளையாட்டு என்று இன்று நாம் பேர் வைத்திருப்பது இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் தினக்கூலி.

தோட்டப் பாதைகள் காட்டுப் பாதைகளுக்கு எந்த வகையிலும் இளைத்தவை அல்ல என்பதற்கு வரலாற்றிலும் ஒரு சாட்சி உண்டு. 1942 ஜனவரி 14 அன்று கெமாஸுக்கு அருகே கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கியது. வந்த ஜப்பானியர் பெரும்பாலும் சைக்கிளில் வந்தவர்கள். அந்த அடி பலமாக விழுந்தும் சிகாமட்டைக் காப்பாற்ற முடியவில்லை. மலாயாப் போர் முழுவதிலும் பிரிட்டிஷ் தரப்பு தார்ச்சாலையையும் பாலத்தையும் பிடித்துக்கொண்டு நிற்க, ஜப்பானியர் ரப்பர்த் தோட்டத்து மண்பாதைகளிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் புகுந்து பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தார்கள். ராணுவத்தின் வரைபடத்தில் அடங்காத இரண்டாவது பாதைவலை ஒன்று தோட்டங்களுக்குள் இருந்தது. அதைப் பயன்படுத்தியவன் வென்றான். போரைக் கொண்டாட இதைச் சொல்லவில்லை. தோட்டம் என்றால் துரை பங்களாவுக்குப் போகும் மரநிழல் சாலை என்று நினைப்பவர்கள், அந்தத் தோட்டங்களின் பின்பக்கத்தைப் பற்றிப் போர் நூல்கள் சொல்வதையாவது நம்பலாம்.

இன்னொரு சாட்சி விளையாட்டு உலகத்திலிருந்தே வருகிறது. 1997இல் லூயிஸ் வீ மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் உலகின் மிகக் கடினமான வண்டிப் போட்டிகளில் ஒன்றாகப் பெயர் வாங்கியது. அதை வேண்டுமென்றே ஆண்டு இறுதி மழைக்காலத்தில் வைத்தார்கள். போட்டியின் மிக மோசமான கட்டத்துக்கு ட்வைலைட் ஸோன் என்று பெயர். வெளிநாட்டு ஓட்டுநர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரல் மாறும். ஆனால் அதன் பாதைகளை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் பழைய மரலோரித் தடங்களும் வெட்டித் தீர்ந்த காட்டின் மிச்சங்களும்தான். யாரும் மிதிக்காத ஆதிக்காட்டைத் தேடி அவர்கள் போகவில்லை, போகவும் தேவைப்படவில்லை. மழையைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள், அது போதுமானதாக இருந்தது.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படும் தர்க்கம் வருகிறது. ஆதிக்காட்டில் வண்டித்தடம் என்று ஒன்று கிடையாது. உயர்ந்த மரங்களின் கூரைக்கடியில் மழை நேராகத் தரையில் அடிப்பதில்லை. இலைச்சருகும் வேர்ப்பின்னலும் மண்ணைப் பிடித்துவைத்திருக்கின்றன. நடந்து போனால் கால் அமிழுமே தவிர அவ்வளவாக வழுக்காது. வண்டி போக வேண்டுமென்றால் மரத்தை அறுக்க வேண்டும், வேரை வெட்ட வேண்டும், கூரையைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்த மறுநாளிலிருந்து அந்த இடமும் இன்னொரு மரலோரித் தடம்தான். வெயிலும் மழையும் நேராக விழும் அதே செம்மண், அதே வாய்க்கால், அதே வழுக்கல். தோட்டத்து ஓரத்தில் ஏற்கெனவே கிடைப்பதைப் புதிதாக ஒரு காட்டை அழித்துச் செய்துகொள்வதில் என்ன லாபம்? ஆழம் தருவது கடினம் அல்ல, ஆழத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பு மட்டுமே. அந்த நினைப்புக்கும் ஒரு விலை இருக்கலாம், மறுக்கவில்லை. அதை எதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

எண்டாவ்-ரொம்பின் சும்மா கிடைத்த காடு அல்ல. 1977இல் பகாங் பக்கத்தில் அதன் நடுப்பகுதியிலேயே மரம் வெட்ட அனுமதி தரப்பட்டபோது நாடு முழுதும் எதிர்ப்பு கிளம்பியது. பத்திரிகைகளில் மாதக்கணக்கில் பேசப்பட்டு, கடைசியில் வெட்டு நின்றது. 1985-86இல் மலாயா இயற்கைச் சங்கம் அறிவியல் பயணம் ஒன்றை நடத்தி, அங்கே என்னென்ன இருக்கிறது என்று எழுதிவைத்தது. எண்டாவ் விசிறிப்பனைக்கு அறிவியல் பெயர் கிடைத்தது அதையொட்டித்தான். 1993இல் ஜொகூர் பக்கத்தில் 48,905 ஹெக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுமத்ராக் காண்டாமிருகத்தின் புகலிடம் என்பதும் இந்தக் காட்டைக் காக்க அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த மிருகம் 2019இல் மலேசியாவிலேயே அற்றுப்போனது. புலிகள் நாடு முழுதும் 150க்கும் குறைவு என்கிறது அரசின் கணக்கெடுப்பு. எஞ்சியிருப்பவற்றில் சில இந்தக் காட்டில் நடமாடுகின்றன. அவற்றுக்குப் பெரிய ஆபத்து கம்பிக்கண்ணி. கண்ணி வைக்கிறவன் முதலில் தேடுவது உள்ளே போக ஒரு பாதை. உல்லாசத்துக்காகத் திறக்கப்படும் வண்டித்தடம் ஞாயிற்றுக்கிழமை ஏடிவிக்காரருக்குப் பயன்பட்டால் மற்ற ஆறு நாளும் வேறு யாருக்கோ பயன்படும். ஏடிவிக்காரரின் நல்லெண்ணத்தால் தடுக்க முடியாத விளைவு இது.

இதற்கு உடனே ஒரு பதில் வரும்: பெக்கோக்கிலிருந்து செலாய் நுழைவாயில் வழியாக லூபோக் தாப்பா முகாம் வரை போர்வீல் வண்டிகள் போய்வந்துகொண்டுதானே இருக்கின்றன, ஏடிவிக்கு மட்டும் என்ன தடை? கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வண்டிகள் ஆட்களை நடைப்பயணம் தொடங்கும் இடத்தில் இறக்கிவிடப் போகின்றன. அவற்றுக்குப் பாதை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கடினம் தேடி வருகிறவருக்கோ பாதை எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரே பாதையில் இந்த இரண்டு விருப்பமும் ஒத்துப்போகாது. அந்த வழியில்தான் ஜக்கூன் பழங்குடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளையும் கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணியும் பயன்படுத்தும் பாதையில் நாலைந்து வண்டிகள் சறுக்கி விளையாடிவிட்டுப் போனால் திங்கட்கிழமை யார் சரிசெய்வது? ஏடிவி வந்தால் ஜக்கூன் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைக்குமே என்பது இதைவிட வலுவான வாதம். ஆனால் அவர்களுடைய காட்டறிவு நடையில்தான் விலைபோகும். தடம் பார்ப்பது, மருந்துச்செடி காட்டுவது, தாக்கா திங்கி, தாக்கா பாண்டான் அருவிகளுக்கு அழைத்துப் போவது எல்லாமே எஞ்சின் சத்தம் இல்லாத இடத்தில் நடக்கிற வேலைகள். சத்தத்தைக் கொண்டுவந்து அந்த வேலையைக் கெடுத்துவிட்டு வேறு வேலை தருகிறோம் என்பது சரியான வியாபாரமாகத் தெரியவில்லை.

மறுபக்கத்திலிருந்து வரும் ஆட்சேபத்துக்கு இன்னும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். சேதம் என்றால் எங்கேயும் சேதம்தானே, தோட்டமென்றால் பரவாயில்லையா என்கிறார்கள் இயற்கை ஆர்வலர்கள். சேதம் உண்மை. அமெரிக்க வனத்துறை 2008இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு டயர், வெவ்வேறு வண்டி என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தும் விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை. சில பத்து ஓட்டங்களிலேயே தரை கெட்டுவிட்டது. நம்மூரில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மிச்சிகன், ஒன்டாரியோ போன்ற வட அமெரிக்காவின் வடக்குக் காடுகளில் குளிர்காலத்தில் தரை உறைந்து, பனி மூடி, மண்ணுக்கு வருடத்தில் சில மாதம் ஓய்வு கிடைக்கிறது. இங்கே ஓய்வே இல்லை. கைவிட்ட தடத்தில் லாலான் புல்லும் செண்டுடோக் செடியும் ரெசாம் பெரணியும் சில மாதத்தில் மூடிவிடுவதைப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். அடியில் இறுகிய மண் பல பத்தாண்டுகள் இறுகியபடியே இருக்கும் என்பது மரம் வெட்டிய காடுகளில் பார்த்த உண்மை. அறுத்துக்கொண்டு போன மண் சிற்றோடை வழியாக சிகாமட் ஆற்றிலும் மூவார் ஆற்றிலும் போய்ச் சேரும். 2006 டிசம்பர் வெள்ளத்தையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2023 மார்ச் வெள்ளத்தையும் பார்த்த ஊருக்கு ஆற்றில் மண் சேர்வது சின்ன விஷயமல்ல. ஆகவே தோட்டமென்றால் எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பது என் வாதம் அல்ல. ஏற்கெனவே இறுகிய பாதையில் ஓடுவதால் கூடும் கேடு, இறுகாத மண்ணில் முதல் தடம் போடுவதால் வரும் கேட்டைவிட மிகக் குறைவு; அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறேன். தொடர்மழை நாட்களில் ஓட்டாமல் இருப்பதும் இதில் சேரும். சேறு வேண்டும் என்பவர்களுக்கு இது கசக்கும். ஆனால் செம்மண் மேடு வழுக்குவதற்கு ஒரு மத்தியான மழை போதும், நவம்பர் முழுவதும் கொட்டித் தீர்க்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: நிரந்தர வனக் காப்பகங்களுக்குள் போக மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும், லாபிஸ் காப்பகமும் மாஓகில் காப்பகமும் இதில் அடக்கம். ஏடிவியைப் பொதுச்சாலையில் ஓட்டச் சாலைப் போக்குவரத்து இலாகா (ஜேபிஜே) அனுமதிப்பதில்லை, லோரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். தோட்டமோ கம்பெனிக்குச் சொந்தமான நிலம். தோட்டத்தை மாற்றிடமாகக் காட்டும்போது எல்லாரும் கேட்பது இதைத்தான்: எந்த மேனேஜர் அனுமதிப்பார்? விபத்து நடந்தால் வழக்கு, கதவைத் திறந்துவிட்டால் பழத்திருட்டு, எதற்கு இந்த வம்பு என்றுதான் அவர் நினைப்பார். அப்படி நினைப்பதில் தப்புமில்லை. இந்தச் சிக்கலை அப்படியே எதிர்கொண்ட ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிக் கம்பெனிகளுக்கும் மரக் கம்பெனிகளுக்கும் சொந்தமான மலைகளில் ஆட்கள் திருட்டுத்தனமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1996இல் மாநிலச் சட்டமன்றம் அதற்கென ஓர் ஆணையத்தை உண்டாக்கியது. நில உரிமையாளருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தந்தது. 2000இல் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்கள் திறக்கப்பட்டன. கட்டணச் சீட்டு, தலைக்கவசம், கடினத்துக்குத் தக்கபடி பச்சை, நீலம், கறுப்பு அடையாளம் என்று எல்லாம் முறைப்படி. அங்கே சுரங்கம் தோண்டித் தள்ளிய நிலம். இங்கே ரப்பரும் செம்பனையும் மாறி மாறி நின்ற நிலம். கன்னிக்காடு வேண்டும் என்று அங்கே யாரும் அடம்பிடிக்கவில்லை. கறுப்புத் தடங்களுக்குத்தான் கிராக்கி.

தோட்டத்தில் காட்டின் அழகு இல்லையே என்பார்கள். உண்மைதான், இல்லை. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வரிசை. நானும் அதை அழகு என்று சொல்லப்போவதில்லை. ஆனால் செங்குத்தான களிமண் மேட்டில் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓட்டுகிறவர் மரங்களை ரசிப்பதில்லை, முன்சக்கரத்துக்கு அடுத்த இரண்டு முழத் தரையைத்தான் பார்க்கிறார். காட்டழகு பார்க்க வேண்டும் என்றால் பெக்கோக் பக்கம் சுங்கை பந்தாங்கில் பொழுதுபோக்கு வனம் இருக்கிறது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போனால் அருவியும் உண்டு. அந்த ஓடைகளைத் தாண்டும் பாதைகளில் ஓட்டுகிறவர்கள் ஒன்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். மலையில் பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போதே கெப்பாலா ஆயேர் எனப்படும் திடீர் வெள்ளமாக வந்து இறங்கும். தெளிந்த தண்ணீர் தே தாரிக் நிறத்துக்கு மாறுவதும், சருகும் சுள்ளியும் திடீரென்று அதிகமாக மிதந்து வருவதும் அறிகுறிகள். பார்த்த கணமே கரையேற வேண்டும். வண்டியைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது.

இனி தேடுவது எப்படி என்பது. செயற்கைக்கோள் படத்தில் செம்பனை பச்சையாகவும் மறுநடவு நிலம் செங்காவியாகவும் தெரியும். ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மரங்களைச் சாய்த்து மறுபடி நடுவார்கள் என்பதால், பெரிய தோட்டங்களில் ஏதாவதொரு கட்டம் அந்த நிலையில் இருக்கும். சாய்க்கப் போகும் பழைய கட்டத்தின் பாதைகள்தான் நல்ல இடம். மண்ணைப் புரட்டிக் கன்று வைத்த புதுக் கட்டத்துக்குள் வண்டியை விடக் கூடாது, அங்கே வேர் பிடிக்காத மண் ஒரே மழையில் கரைந்துவிடும். படம் காட்டாதது நிறைய. எந்த மேட்டுக்கடியில் ஊற்று இருக்கிறது, எந்தச் சிறுபாலம் உள்ளே அரித்துப்போயிருக்கிறது, பழைய ரப்பர்க் காலத்துப் பாதை எந்த ஓலைக் குவியலுக்குப் பின்னால் தொடர்கிறது என்பதையெல்லாம் ஆளைத்தான் கேட்க வேண்டும். கேட்கத் தோட்டத்தில் ஆளில்லை என்பது இன்றைய நிலைமை. குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்; ஒப்பந்தம் முடிந்ததும் ஊர். அவர்களுக்குத் தங்கள் கட்டம் தெரியும், பக்கத்துத் தோட்டம் தெரியாது. லயங்களை விட்டு சிகாமட், லாபிஸ், பத்து அன்னம், ஜெமெந்தா தாமான்களுக்குக் குடிவந்துவிட்ட பழைய வெட்டுக்காரர்களுக்கும் தண்டல்களுக்கும் மரலோரி ஓட்டியவர்களுக்கும் நாலைந்து தோட்டமும் காட்டோரமும் ஒன்றாகச் சேர்ந்தே மனத்தில் இருக்கும். பெல்டா நிலக்குடியேற்றத் திட்டங்களான பெமானிஸ், மெடோய், ரெடோங் பக்கத்துக் குடியேற்றக்காரர்களுக்கும் அப்படியே. அவர்கள் எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏடிவிச் சங்கத்துக்காரர்கள் வன இலாகாவுக்கு மனு எழுதுவதற்கு முன்னால், ஒரு தோட்டத்து மேனேஜரையும் இப்படி இரண்டு மூன்று பெரியவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, தோட்ட வரைபடத்தை விரித்து, மேடு மேடாகப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டால் கறுப்புத் தடங்களின் முதல் பட்டியல் அன்றைக்கே கிடைத்துவிடும். பத்து அன்னம் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.